இணைய வணிகத்தில் விலைப் பிழை

இணைய வணிகத்தில் விலைப் பிழை என்பது, இணையக் கடை ஒன்றில் ஒரு பொருளுக்கோ சேவைக்கோ விற்பனையாளர் கருதிய விலைக்குப் பதிலாக வேறொரு விலை, பெரும்பாலும் மிகக் குறைந்த விலை, தவறுதலாகக் காட்டப்படுவதைக் குறிக்கும். அவ்விலையை நம்பி நுகர்வோர் பணம் செலுத்திய பின்னர், விற்பனையாளர் பொருளை அனுப்ப மறுத்துப் பணத்தைத் திருப்பித் தருவதே இது தொடர்பான பிணக்குகளின் பொதுவான வடிவம் ஆகும். அறிவித்த விலைக்கே பொருளைத் தரும்படி விற்பனையாளரைக் கட்டாயப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. ஒப்பந்தம் உருவான நேரம், பிழை வாங்குபவருக்குத் தெரிந்திருந்ததா என்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வலிமை ஆகிய மூன்றுமே பெரும்பாலான வழக்குகளின் முடிவைத் தீர்மானித்துள்ளன.

விலைப் பிழையும் விலை ஏமாற்றும்

இவை இரண்டும் நுகர்வோருக்கு ஒரே மாதிரியான ஏமாற்றத்தைத் தந்தாலும் சட்டத்தின் பார்வையில் வேறானவை. விலைப் பிழையில் விற்பனையாளர் 23,499 ரூபாய் என்று இட நினைத்து 190 ரூபாய் என்று இட்டுவிடுகிறார். ஏமாற்றும் நோக்கம் இல்லை. தூண்டில் விளம்பரத்திலோ, குறைந்த விலைக்கு விற்கும் எண்ணமே இல்லாமல், அல்லது ஓரிரு பொருட்களை மட்டும் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரைத் தளத்துக்கு இழுப்பதற்காக அவ்விலை காட்டப்படுகிறது. பின்னதைப் பெரும்பாலான நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள் நேரடியாகத் தடை செய்கின்றன. முன்னதை ஆள்வது பெரும்பாலும் பழைய ஒப்பந்தச் சட்டமே ஆகும்.

நடைமுறையில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. விற்பனையாளரின் கணினிப் பதிவேடுகள் அவரிடமே உள்ளன. பிழை என்று அவர் சொல்வதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பை யார் மீது சுமத்துவது என்பதைப் பொறுத்தே பல நேரங்களில் நுகர்வோரின் நிலை அமைகிறது.

ஒப்பந்தம் எப்போது உருவாகிறது

ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் ஒருவரின் முன்மொழிவும் மற்றவரின் ஏற்பும் இணைந்தே ஒப்பந்தம் பிறக்கிறது. கடையில் விலைச்சீட்டுடன் வைக்கப்பட்ட பொருள் முன்மொழிவு அன்று. அது முன்மொழிவுக்கான அழைப்பு மட்டுமே. பொருளை எடுத்துக் காசாளரிடம் நீட்டும் வாடிக்கையாளரே வாங்க முன்மொழிகிறார். கடைக்காரர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். தற்சேவை முறையில் இயங்கிய பூட்ஸ் மருந்துக்கடை தொடர்பான 1953 ஆம் ஆண்டுத் தீர்ப்பும், பிரிஸ்டல் நகரக் கடைச் சாளரத்தில் விலையுடன் வைக்கப்பட்ட விசைக்கத்தி குறித்த ஃபிஷர் எதிர் பெல் வழக்கின் 1960 ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இதற்கு அடிப்படையாகக் காட்டப்படுகின்றன. இவ்விரு வழக்குகளிலும் நுகர்வோர் எவரும் வழக்காடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. முதலாவது, மருந்து விற்பனையை மருந்தாளுநர் மேற்பார்வையிட வேண்டிய நேரம் எது என்பதைப் பற்றியது. இரண்டாவது, ஆயுதத் தடைச் சட்டம் பற்றியது. ஆயினும் இன்றைய இணையக் கடைகள் தங்களைக் காத்துக்கொள்ள முதலில் எடுப்பது இவ்விரு தீர்ப்புகளையே.

விளம்பரமே முன்மொழிவாகும் சூழலும் உண்டு. கார்லில் எதிர் கார்பாலிக் புகைக்குண்டு நிறுவனம் வழக்கில், தங்கள் மருந்தைப் பயன்படுத்திய பின்னும் சளிக்காய்ச்சல் கண்டவருக்கு 100 பவுண்டு தருவதாகவும், அதற்கென 1,000 பவுண்டை வங்கியில் இட்டிருப்பதாகவும் நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது. இவ்வளவு திட்டவட்டமான உறுதிமொழி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்று 1892 ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மின்வணிகத்தில் இக்கோட்பாட்டை 2005 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மின்னணுத் தொடர்பு உடன்படிக்கையின் 11 ஆம் உறுப்பு எழுத்தில் வடித்தது. குறிப்பிட்ட ஒருவருக்கு என்று இல்லாமல் எல்லோரும் காணும்படி வைக்கப்பட்ட அறிவிப்பு, ஏற்கப்பட்டால் கட்டுப்படும் எண்ணத்தைத் தெளிவாகக் காட்டாத வரையில், முன்மொழிவுக்கான அழைப்பாகவே கொள்ளப்படும். இந்த உடன்படிக்கை 2013 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர், இலங்கை ஆகியவை இதில் இணைந்துள்ள நாடுகளுள் அடங்கும்.

எனவே இணையத்தில் உண்மையான போராட்டம் ஏற்பு எது என்பதில்தான் நிகழ்கிறது. ஆணை இட்டவுடன் தானாக வரும் மின்னஞ்சல் ஏற்பா, வெறும் பெறுகைச் சான்றா? பணம் பிடிக்கப்பட்டதே ஏற்பாகுமா? அல்லது பொருள் கிடங்கை விட்டுப் புறப்படும்போதுதான் ஒப்பந்தம் பிறக்கிறதா? "உங்கள் ஆணை கிடைத்தது" என்ற வாசகத்துக்கும் "உங்கள் ஆணை உறுதி செய்யப்பட்டது" என்ற வாசகத்துக்கும் இடையே நுகர்வோர் வேறுபாடு காண்பதில்லை. நீதிமன்றங்கள் காண்கின்றன.

பிழைகள் நேரும் விதம்

விலைப் பிழைகளின் காரணங்கள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை. பதின்மப் புள்ளி இடம் மாறுவதால் 299 பவுண்டு 2.99 ஆகிறது. ஒரு நாணயத்தில் உள்ள எண் மாற்றப்படாமலே வேறொரு நாணயக் குறியுடன் காட்டப்படுகிறது. ஆயிரக்கணக்கான பொருட்களின் விலைகளைக் கொண்ட அட்டவணைக் கோப்பை ஒரே தடவையில் ஏற்றும்போது ஒரு நிரல் தள்ளிப்போனால் பொருட்குறி எண்ணோ எடையோ விலையாகிவிடும். சோதனைக்கென இடப்பட்ட மாதிரி எண் உண்மைத் தளத்துக்குப் போய்விடுவதும் உண்டு. இரண்டு தள்ளுபடிச் சலுகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திவிடுவது பண்டிகைக்கால விற்பனைகளில் அடிக்கடி நிகழ்வது.

மனிதரின் கை படாமலே விலையை மாற்றும் நிரல்கள் பரவிய பின்னர் பிழைகளின் அளவு பெருகியது. 2011 ஏப்ரலில் பீட்டர் லாரன்ஸ் எழுதிய ஈ வளர்ச்சி பற்றிய உயிரியல் நூல் ஒன்றின் விலை அமேசான் தளத்தில் 2,36,98,655.93 டாலர் வரை உயர்ந்தது. ஒரு விற்பனையாளரின் நிரல் மற்றவரின் விலையை 0.9983 ஆல் பெருக்கித் தன் விலையாக வைத்தது. மற்றவரின் நிரல் இவருடைய விலையை 1.270589 ஆல் பெருக்கியது. இரண்டும் நாள்தோறும் ஒன்றையொன்று பார்த்து ஏறிக்கொண்டே போயின. உயிரியலாளர் மைக்கேல் ஐசன் இதைக் கவனித்து வெளிப்படுத்தினார். இது யாருக்கும் தீங்கு விளைவிக்காத வேடிக்கை. மறுதிசையில் நிகழ்ந்தது வேடிக்கையாக இல்லை. 2014 டிசம்பர் 12 அன்று மாலை ஏறத்தாழ ஒரு மணி நேரம், ரிப்ரைசர் எக்ஸ்பிரஸ் என்னும் விலைமாற்று மென்பொருளின் கோளாற்றால், அமேசானின் ஐக்கிய இராச்சியத் தளத்தில் பல சிறு வணிகர்களின் பொருட்கள் ஒரு பென்னி விலைக்குக் காட்டப்பட்டன. பல ஆணைகள் நீக்கப்பட்டன. ஆயினும் அமேசான் கிடங்குகளிலிருந்து ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட பொருட்களால் சிறு வணிகர்கள் நட்டமடைந்தனர். விலைப் பிழை வழக்குகளில் விற்பனையாளர் எப்போதும் பெரு நிறுவனமாகவே இருப்பதில்லை என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

சிங்கப்பூர் அச்சுப்பொறி வழக்கு

விலைப் பிழை குறித்து உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு சிங்கப்பூரில் நிகழ்ந்த சுவீ கின் கியோங் எதிர் டிஜிலேண்ட்மால் வழக்கு ஆகும். 2003 ஜனவரியில், புதிய விலை வார்ப்புரு ஒன்றைப் பற்றிய பயிற்சியின்போது மாதிரியாக இடப்பட்ட எண்கள் தவறுதலாக உண்மைத் தளத்தில் ஏற்றப்பட்டன. இதனால் 3,854 சிங்கப்பூர் டாலர் விலையுள்ள எச்.பி. வண்ண லேசர் அச்சுப்பொறி 66 டாலருக்குக் காட்டப்பட்டது. சில நாட்கள் யாரும் கவனிக்கவில்லை. ஜனவரி 13 அன்று நள்ளிரவுக்குப் பின்னர் செய்தி நண்பர்களிடையே அரட்டை மென்பொருள் வழியாகவும் மின்னஞ்சல் வழியாகவும் பரவியது. விடிந்து நிறுவனம் விழித்துக்கொள்வதற்குள் 784 பேர் 4,086 அச்சுப்பொறிகளுக்கு ஆணையிட்டிருந்தனர். ஒவ்வொருவருக்கும் கணினி தானாகவே உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது.

நிறுவனம் அனைத்து ஆணைகளையும் ஏற்க மறுத்தது. ஆறு நண்பர்கள் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் மட்டும் 1,606 அச்சுப்பொறிகளுக்கு ஆணையிட்டிருந்தனர். அவற்றுக்காக அவர்கள் தர வேண்டியது 1,05,996 டாலர். அவற்றின் உண்மை மதிப்பு 61,89,524 டாலர். ஆறு பேரும் படித்தவர்கள். சட்டம் பயின்றவர்களும் அவர்களுள் இருந்தனர்.

உயர் நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த வி. கே. ராஜா 2004 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். முதற் பகுதியில் அவர் நுகர்வோர் பக்கமே நின்றார். தானியங்கிக் கணினி அனுப்பிய மறுமொழியும் ஏற்பே ஆகும். நிறுவனம் தன் அலுவலர் வழியாகச் செய்ததற்கும் தன் கணினி வழியாகச் செய்ததற்கும் வேறுபாடு இல்லை. எனவே மேற்பார்வைக்கு ஒப்பந்தம் உருவாகிவிட்டது. ஆனால் மறுபக்கத்தார் தவறு செய்கிறார் என்பதை அறிந்துகொண்டே அதைப் பற்றிக்கொள்ள ஒருவர் முயன்றால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்பது இரண்டாம் பகுதி. உரையாடல் பதிவுகளும், வாதிகளுள் சிலர் அந்த நள்ளிரவிலேயே தேடுபொறிகளில் அச்சுப்பொறியின் சந்தை விலையைத் தேடிப் பார்த்திருந்ததும், அவர்கள் பிழையை அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றுகளாயின. 2005 ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இம்முடிவை உறுதி செய்தது. பிழையை உண்மையில் அறிந்திருந்தால் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அறிந்திருக்க வேண்டியவராக இருந்து, மனச்சான்றுக்கு ஒவ்வாத முறையிலும் நடந்துகொண்டிருந்தால் ஒப்புரவு நெறிப்படி அதனை நீக்கலாம் என்று அது வேறுபடுத்திக் காட்டியது.

இக்கோட்பாட்டின் வேர் ஹார்ட்டாக் எதிர் காலின் அண்டு ஷீல்ட்ஸ் என்னும் 1939 ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கில் உள்ளது. அதில் அர்ஜென்டினா முயல்தோல்களின் விலை, தோல் ஒன்றுக்கு என்பதற்குப் பதிலாகப் பவுண்டு எடைக்கு என்று எழுதப்பட்டுவிட்டது. ஒரு பவுண்டில் ஏறத்தாழ மூன்று தோல்கள் இருக்கும். அத்தொழிலை அறிந்த வாங்குபவருக்கு இப்பிழை தெரியாமல் இருந்திருக்க முடியாது என்று நீதிமன்றம் கண்டது.

அச்சுப்பொறி வழக்கின் தீர்ப்பைப் படிப்போர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. வாதிகள் தோற்றது விலை குறைவாக இருந்ததால் அன்று. பிழை என்று அறிந்திருந்ததால். 1,000 ரூபாய்ப் பொருளை 700 ரூபாய்க்குக் கண்டு ஒன்றே ஒன்று வாங்கிய சாதாரண நுகர்வோரை இத்தீர்ப்பைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. பல இணையக் கடைகள் அவ்வாறே செய்ய முயல்கின்றன.

ஐக்கிய இராச்சியம்

1999 ஆம் ஆண்டில் ஆர்கோஸ் நிறுவனத்தின் தளத்தில் 299 பவுண்டு விலையுள்ள சோனி தொலைக்காட்சிப் பெட்டி 2.99 பவுண்டுக்குக் காட்டப்பட்டது. நிறுவனம் ஆணைகளை ஏற்க மறுத்தது. 2002 ஜனவரியில் கோடாக் நிறுவனம் 329 பவுண்டு விலையுள்ள எண்முறை ஒளிப்படக்கருவித் தொகுதியை 100 பவுண்டுக்குக் காட்டியது. முதலில் மறுத்த கோடாக், வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்ததையும், தன் தானியங்கி மின்னஞ்சலின் வாசகங்கள் ஒப்பந்தத்தை உறுதி செய்வனவாக அமைந்திருந்ததையும் கண்டு, இறுதியில் 100 பவுண்டுக்கே அனுப்ப ஒப்புக்கொண்டது. 100 பவுண்டு என்பது நம்பத்தகாத விலை அன்று. ஆண்டுத் தொடக்கத் தள்ளுபடி என்று ஒருவர் எண்ணியிருக்கலாம். 2.99 பவுண்டுத் தொலைக்காட்சியைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

கோடாக் நிகழ்வுக்குப் பின்னர் இணையக் கடைகள் தங்கள் விதிமுறைகளைத் திருத்தி எழுதின. 2003 மார்ச்சில் அமேசானின் ஐக்கிய இராச்சியத் தளம் எச்.பி. ஐபேக் கைக்கணினியை 7.32 பவுண்டுக்குக் காட்டியபோது, பொருள் அனுப்பப்பட்டதை அறிவிக்கும் மின்னஞ்சலே ஏற்பு என்ற தன் விதியைச் சுட்டி ஆணைகளை நீக்கியது. இன்று உலகின் பெரும்பாலான இணையக் கடைகளின் விதிமுறைகளில் இதே வாசகம் இடம்பெறுகிறது. பணத்தை உடனே எடுத்துக்கொண்டு, ஒப்பந்தம் மட்டும் பின்னர்தான் உருவாகும் என்று சொல்வது நுகர்வோருக்கு நேர்மையானதா என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

தவறான விலைக் குறிப்பைத் தண்டிக்கும் சட்டம் தனியாக உண்டு. 1987 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப் பிரிவுகளுக்குப் பதிலாக 2008 இல் நேர்மையற்ற வணிக விதிகள் வந்தன. அவற்றின் இடத்தை 2025 ஏப்ரல் முதல் 2024 ஆம் ஆண்டின் எண்ணிமச் சந்தைகள், போட்டி மற்றும் நுகர்வோர் சட்டம் எடுத்துக்கொண்டது.

ஜெர்மனி

ஜெர்மனியில் கேள்வி வேறு விதமாக எழுகிறது. அங்குத் தவறு செய்தவரே, மறுபக்கத்தார் அதை அறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 119 ஆம் பிரிவு இடம் தருகிறது. 2003 ஆம் ஆண்டில் ஒரு மடிக்கணினிக்கு ஊழியர் 2,650 யூரோ என்று சரியாகவே உள்ளிட்டார். அதை இணையத்தளத் தரவுத்தளத்துக்குக் கொண்டு சென்ற மென்பொருள் 245 யூரோவாக மாற்றிவிட்டது. வாடிக்கையாளர் ஆணையிட்டார், கணினி உறுதி செய்தது, மடிக்கணினியும் அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகே நிறுவனம் பிழையைக் கண்டு ஒப்பந்தத்தை நீக்கியது. 2005 ஜனவரி 26 அன்று கூட்டாட்சி நீதிமன்றம், கடத்தும் வழியில் மென்பொருள் செய்த பிழையும் சொல்வதில் நேர்ந்த பிழையே என்று கூறி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது; வாடிக்கையாளர் மடிக்கணினியைத் திருப்பித்தர நேர்ந்தது.

இவ்வுரிமைக்கு இரு கடிவாளங்கள் உள்ளன. பிழையை அறிந்தவுடன் காலந்தாழ்த்தாமல் நீக்க வேண்டும் (பிரிவு 121). ஒப்பந்தத்தை நம்பியதால் மறுபக்கத்தாருக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய வேண்டும் (பிரிவு 122). பிழையை அறிந்திருந்தவருக்கு இந்த ஈடு கிடையாது.

கனடா, ஐக்கிய அமெரிக்கா, தாய்வான்

கனடாவின் கியூபெக் மாநிலச் சட்டம் விளம்பரப்படுத்திய விலையை விடக் கூடுதலாகக் கேட்பதையே வணிகருக்குத் தடை செய்கிறது. 2003 ஏப்ரல் 4 அன்று டெல் நிறுவனத்தின் கனடியத் தளத்தில் 379 டாலர் கைக்கணினி 89 டாலருக்கும், 549 டாலர் கைக்கணினி 118 டாலருக்கும் காட்டப்பட்டன. பிழை தெரிந்ததும் டெல் வழக்கமான முகவரிக்கான வழியை அடைத்தது. ஆனால் உள்ளிருந்த பக்கங்களின் நேரடி இணைப்புகள் திறந்தே இருந்தன. அவற்றின் வழியே ஆணைகள் தொடர்ந்தன. அந்த வார இறுதியில் கியூபெக்கில் மட்டும் 354 பேர் 509 ஆணைகள் இட்டனர். வழக்கமாக ஒரு வார இறுதியில் அங்கு விற்பது ஒன்று முதல் மூன்று வரைதான். நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கு 2007 ஜூலையில் கனடிய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஆனால் விலையைப் பற்றி அன்று. பிணக்குகள் நடுவர் மன்றத்துக்கே செல்ல வேண்டும் என்று தளத்தின் விதிமுறைகளில் இருந்த ஒரு வரியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இதற்கிடையில் 2006 டிசம்பரிலேயே கியூபெக் சட்டமன்றம் நுகர்வோர் ஒப்பந்தங்களில் அத்தகைய கட்டாய நடுவர் விதியைத் தடை செய்துவிட்டது. இவ்வழக்கு அதற்கு முந்தையது என்பதால் அத்தடை பொருந்தவில்லை. விதிமுறைப் பக்கத்தின் அடியில் கிடக்கும் ஒரு வரி, விலையை விடக் கூடுதலான விளைவைத் தரக்கூடும் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 2001 ஆம் ஆண்டின் டோனவன் வழக்கு முன்னோடியாகும். 37,995 டாலருக்கு விற்கக் கருதிய பழைய ஜாகுவார் மகிழுந்து நாளிதழில் 25,995 டாலர் என்று அச்சாகிவிட்டது. கலிபோர்னியாவின் வாகனச் சட்டத்தினால் அவ்விளம்பரம் முன்மொழிவே என்று கூறிய மாநில உச்ச நீதிமன்றம், நல்லெண்ணத்துடன் நேர்ந்த பிழை என்பதால் ஒப்பந்தத்தை நீக்க அனுமதித்தது. வானூர்திப் பயணச்சீட்டுகளில் சில ஆண்டுகள் நிலை மாறியிருந்தது. வாங்கிய பின்னர் விலையேற்றுவதைத் தடை செய்த போக்குவரத்துத் துறை விதியால், 2012 முதல் தவறான கட்டணங்களையும் நிறுவனங்கள் மதிக்க வேண்டியதாயிற்று. 2015 பிப்ரவரியில் யுனைட்டெட் நிறுவனத்தின் டென்மார்க்குத் தளத்தில் நாணய மாற்றுப் பிழையால் இலண்டனிலிருந்து முதல் வகுப்புச் சீட்டுகள் 100 டாலருக்கும் குறைவாகக் காட்டப்பட்டன. டென்மார்க்கில் வாழாதவர்களும் அத்தளத்துக்குச் சென்று வாங்கினர். அவ்வாண்டு மே மாதம் முதல், பயணியின் பிற செலவுகளை ஈடுசெய்தால் பிழைக் கட்டணச் சீட்டை நீக்குவதன் மீது நடவடிக்கை இல்லை என்று துறை அறிவித்தது.

தாய்வானில் 2009 ஆம் ஆண்டின் கோடையில் டெல் இரண்டு முறை அடுத்தடுத்து விலைப் பிழை செய்து, பொருளுக்குப் பதிலாகத் தள்ளுபடிச் சீட்டுகளைத் தர முன்வந்தது. தாய்ப்பே நகர அரசு அந்நிறுவனத்துக்கு 10 இலட்சம் தாய்வான் டாலர் தண்டம் விதித்தது.

இந்தியா

இந்திய நிலை ஆங்கில நிலையின் நகல் அன்று. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 22 ஆம் பிரிவின்படி, ஒரு பக்கத்தார் மட்டும் பொருண்மை பற்றிய தவறான எண்ணத்தில் இருந்தார் என்பதாலேயே ஒப்பந்தம் நீக்கத்தக்கது ஆகிவிடாது. எனவே "எங்கள் பக்கம் தவறு நேர்ந்துவிட்டது" என்ற ஒற்றை விடை விற்பனையாளரைக் காப்பாற்றாது. விலையைப் பற்றி இருவர் மனமும் ஒத்திருக்கவில்லை, வாங்குபவருக்கும் அது தெரியும் என்ற அளவுக்கு அவர் செல்ல வேண்டும். கணினி தானாகச் செய்தது என்ற வாதத்தையும் சட்டம் குறுக்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 11 ஆம் பிரிவின்படி, ஒருவரால் அல்லது அவருக்காகத் தானே இயங்குமாறு நிரலாக்கப்பட்ட கணினி அனுப்பும் பதிவு அவர் அனுப்பியதாகவே கொள்ளப்படும். மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமற் போகாது என்று பின்னர் சேர்க்கப்பட்ட 10அ பிரிவு கூறுகிறது.

2014 அக்டோபர் 6 அன்று பிளிப்கார்ட் நடத்திய பெருவிற்பனையில் விலை மாற்றங்கள், ஆணை நீக்கங்கள் ஆகியவை குறித்துப் பரவலான புகார்கள் எழுந்தன. நிறுவனர்கள் இருவரும் மறுநாள் வாடிக்கையாளர்களிடம் மின்னஞ்சல் வழியாக மன்னிப்புக் கேட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் ஒடிசாவைச் சேர்ந்த சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் அமேசான் தளத்தில் 23,499 ரூபாய் மடிக்கணினி 190 ரூபாய்க்குக் காட்டப்பட்டதைக் கண்டு ஆணையிட்டார். உறுதிப்படுத்தல் வந்தது. சில மணி நேரத்தில் விலைச் சிக்கலைக் காரணங்காட்டி ஆணை நீக்கப்பட்டது. மாவட்ட மன்றம் 10,000 ரூபாய் இழப்பீடும் 2,000 ரூபாய் வழக்குச் செலவும் வழங்கியது. போதாது என்று மாணவர் மேல்முறையீடு செய்தார். 2021 ஜனவரியில் ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம், விளம்பரம், ஆணை, உறுதிப்படுத்தல் ஆகிய மூன்றும் நிறைவுற்றபின் ஒப்பந்தம் முழுமை பெற்றுவிட்டது என்று கூறி, இழப்பீட்டை 30,000 ரூபாயாக உயர்த்தியதுடன் 10,000 ரூபாய் தண்டனை இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் தரும்படி ஆணையிட்டது. இடைத்தரகர் மட்டுமே என்ற அமேசானின் வாதம் எடுபடவில்லை.

சிங்கப்பூர்த் தீர்ப்புடன் இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 190 ரூபாய் மடிக்கணினியும் 66 டாலர் அச்சுப்பொறியும் நம்பத்தகாத விலையில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. ஆனால் அங்கு வாங்குபவரின் மனம் ஆராயப்பட்டது. இங்கு விற்பனையாளரின் நடத்தை ஆராயப்பட்டது. மேலும் அம்மாணவர் கேட்டது ஒரு மடிக்கணினி, நூற்றுக்கணக்கில் அன்று. கிடைத்த நிவாரணமும் பொருள் அன்று, பணமே என்பதைக் கவனிக்க வேண்டும்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நுகர்வோரின் நிலையை வலுப்படுத்தியது. விற்கும் எண்ணமில்லாத மலிவு விலையை விளம்பரம் செய்வதை அதன் 2(47) பிரிவு நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்க்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் நிகழ்ந்தால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். அதே ஆண்டு ஜூலை 23 அன்று வெளியான மின்வணிக விதிகளில் பலர் கவனிக்காத ஒரு விதி உள்ளது. தான் ஒருதலையாக ஆணையை நீக்கும்போது தானும் அதே போன்ற கட்டணத்தை ஏற்காத நிறுவனம், ஆணையை நீக்கும் நுகர்வோரிடம் நீக்கக் கட்டணம் வாங்கக்கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2022 ஜூனில் வந்த வழிகாட்டுதல்கள் தூண்டில் விளம்பரத்துக்கு நிபந்தனைகள் விதித்தன. 2023 நவம்பர் 30 அன்று வெளியான மற்றொரு வழிகாட்டுதல், காட்டிய தொகையை விடக் கூடுதலாக இறுதிக் கட்டத்தில் வாங்குவது உள்ளிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்தது.

வழக்குத் தொடுப்பது முன்பைவிட எளிதாகியுள்ளது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், நுகர்வோர் தாம் வாழும் அல்லது பணிபுரியும் இடத்தின் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்; 5 இலட்சம் வரை கட்டணம் இல்லை. நிகழ்வு நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி தளம் வழியாக முறையீட்டைப் பதிவு செய்யலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்து முதற்கட்டத் தீர்வு தேடலாம். மாவட்ட ஆணையத்தின் முடிவை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வழக்குகளில் சான்றுகளே உயிர்நாடி. விலை காட்டப்பட்ட பக்கம் சில நிமிடங்களில் மாறிவிடும். விலை, பொருளின் பெயர், நாள், நேரம் ஆகியவை தெரியும்படியான திரைப்பிடிப்பு, உறுதிப்படுத்தல் மின்னஞ்சல், குறுஞ்செய்தி, பணம் பிடிக்கப்பட்ட வங்கிப் பதிவு, ஆணை நீக்கத்துக்குக் கூறப்பட்ட காரணம் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பவரின் முறையீடு நிற்கும். காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று. முதலில் இருப்பு இல்லை என்று சொல்லி நீக்கிவிட்டு, அதே பொருளை அதே நாளில் கூடுதல் விலைக்கு விற்கும் நிறுவனம் பின்னர் விலைப் பிழை என்று வாதிடுவது கடினம்.

இலங்கை

இலங்கையின் ஒப்பந்தச் சட்டம் உரோம-டச்சுச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையையும், 31 ஆம் பிரிவு பொய்யான எடுத்துரைப்புகளையும் தடை செய்கின்றன. மின்னணு ஒப்பந்தங்கள் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தால் ஏற்கப்படுகின்றன.

இருபுறமும் நிரல்கள்

வாங்குபவரும் விற்பவரும் நிரல்களாகவே இருந்தால் பிழையை அறிந்திருந்தவர் யார்? 2017 ஏப்ரல் 19 அன்று சிங்கப்பூரின் குவைன் என்னும் மறைகுறி நாணயச் சந்தையில் ஏற்பட்ட கோளாற்றால், அன்றைய சந்தை விலையைப் போல் ஏறத்தாழ 250 மடங்கு விலையில், ஓர் ஈதருக்குச் சுமார் 10 பிட்காயின் வீதம் பி2சி2 நிறுவனத்தின் நிரல் விற்றது. சுமார் 309 ஈதருக்கு 3,092 பிட்காயின் கிடைத்தது. குவைன் மறுநாளே அவ்விற்பனைகளைத் திருப்பிவிட்டது. 2020 பிப்ரவரியில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகக் கூறிய விடை: நிரலுக்கு அறிவு இல்லை, எனவே நிரலை எழுதியவர், அதை எழுதிய காலம் முதல் ஒப்பந்தம் உருவான நேரம் வரையில், எதை அறிந்திருந்தார் என்பதே ஆராயப்பட வேண்டும். பி2சி2 நிறுவனத்தின் நிரலர் அந்த 10 பிட்காயின் என்ற எண்ணைத் தற்காப்புக்காக முன்னரே இட்டிருந்தார்; வேறொருவர் தவறாக வாங்குவார் என்று அறிந்து இடவில்லை. எனவே விற்பனைகளைத் திருப்பியதே ஒப்பந்த மீறல் என்று முடிவாயிற்று. குழுவில் இருந்த மான்ஸ் பிரபு இதனின்றும் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார்.